பூட்டு திறக்காவிட்டால் என்ன ஆகும்?

மரக்காணத்தில் மனிதர்களைக் கதவுக்கு வெளியே அதிக நேரம் நிற்க வைத்தவர் உருட்டு ஒருவர்தான். அதுவும் இல்லாத கதவுக்கு வெளியே.

பஸ் ஸ்டாப் அருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெங்களூருவில் வேலை பார்த்தபோது ஒரு விளையாட்டைப் பழகி வந்திருந்தார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்ய முடிந்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் வெற்றி, சின்ன எண் என்றால் தோல்வி. பகடையை உருட்டுவதும் உருட்டு, வாய்க்கு வந்ததை அடித்து விடுவதும் உருட்டு. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விளையாடுவோம். பள்ளியில் கணக்கு வாத்தியாரான நான் மந்திரவாதி. கூனிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் சலீம், திருடன். உப்பளக்காரர் மகள் செல்வி, வாள் வீராங்கனை.

உருட்டின் கதையில் டீ குடிக்கவும் பகடை போட வேண்டும். ஒருமுறை சலீமின் திருடன் செருப்பைக் கழற்றும்போது பகடையில் ஒன்று விழுந்துவிட்டது. கீழே விழுந்து முட்டி பெயர்ந்தது என்று அறிவித்தார் உருட்டு.

"யா அல்லா! அரமனையெல்லாம் கொள்ளையடிச்சவன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க? செருப்பு கழட்ட எதுக்கு டைஸு?"

"டைஸ் சொல்றதுதாம்பா சட்டம்."

அப்புறம்தான் அந்தக் கதவு வந்தது. உள்ளே புதையல், வெளியே பூட்டு. ஞாயிறு மேல் ஞாயிறாக உருட்டினோம். திறக்கவில்லை. செல்வி பொறுமை இழந்தாள்.

"அண்ணா, பூட்டு தொறக்கலன்னா என்ன ஆவும்?"

"திரும்ப உருட்டணும்."

"அப்பவும் தொறக்கலன்னா?"

"திரும்ப..."

"இதுக்கு நான் வூட்லயே வடாம் புழிஞ்சிருப்பனே!"

உருட்டுக்கு அந்த வாரம் முழுக்க யோசனை. ஒருவர் போனை இன்னொருவரிடம் கொடுத்து, இருவருடைய வீட்டிலும் சண்டை மூட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு புதுச் சட்டம் வந்தது.

"தோத்தா ஒண்ணும் ஆவாதுன்னா டைஸைத் தொடவே வேணாம். செருப்பெல்லாம் நீங்களே கழட்டிக்கோங்க. தொட்டு தோத்தீங்கன்னா, பூட்டு தொறக்கும், ஆனா சத்தத்துல காவக்காரன் முழிச்சிக்குவான். தொல்லை வரட்டும், கதை மட்டும் நிக்கக் கூடாது."

அன்று மாலைக்குள் கதவு, ஆறு, பாலம், ஒரு ராட்சசன் எல்லாவற்றையும் தாண்டினோம். சலீம் எழுந்து நின்று விசில் அடித்தான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன்பே வானம் கறுத்தது. செல்வி முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் வீட்டு உப்பு முழுவதும் உப்பளத்தில் குவிந்து கிடந்தது. மழை பிடித்தால் கரைந்து போகும். பைக்குகளில் பறந்தோம். தார்ப்பாய்கள் தகரக் கொட்டகைக்குள் இருந்தன. கொட்டகையில் பூட்டு. சாவியோ, கோட்டக்குப்பத்தில் கல்யாண பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணன் பாக்கெட்டில்.

கல்லால் அடித்தோம். பூட்டு நசுங்கியதே தவிர திறக்கவில்லை. செல்வி அழவே தொடங்கிவிட்டாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் உருட்டு. "நமக்கு பூட்டு தொறக்கணுமா, உப்பு நனையாம இருக்கணுமா?"

அவர் கை ஈ.சி.ஆர். ரோட்டைக் காட்டியது. அங்கே மறுநாள் நடக்கவிருந்த காதுகுத்துக்காக, லாரி ஓனர் ஒருவர் கூலிங் கிளாஸோடு சிரிக்கும் ராட்சச ஃப்ளெக்ஸ்கள் வரிசையாக நின்றன.

"ஏறுறா சலீமு!"

"டைஸ் போட வேணாமாண்ணே?"

"டேய், ஏறுடா!"

கயிறுகளை அறுத்து, ஃப்ளெக்ஸ்களை இழுத்து வந்து குவியலைப் போர்த்தினோம். முதல் துளி விழுந்தபோது ஆளுக்கொரு மூலையில் படுத்து அழுத்திக்கொண்டிருந்தோம். காற்று என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. லாரி ஓனரின் மூக்கைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தேன்.

மழை விட்டதும் கார் வந்து நின்றது. நிஜமான கூலிங் கிளாஸ் இறங்கியது.

"எவன்டா என் மூஞ்சிய மண்ணுல போட்டது?"

நான் செல்வியின் பின்னால் நகர்ந்தேன். உருட்டு முன்னால் போனார்.

"மண்ணுல இல்லீங்கண்ணே, உப்பு மேல. ஒரு குடும்பத்தோட வருஷ சோறு இது. ஊர்ல இத்தினி பேர் இருந்தும், மழைக்குக் குறுக்க படுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அந்த நேரம் பார்த்து செல்வி ஒரு ஓரத்தைத் தூக்கினாள். அடியில் விளிம்பு மட்டும் கொஞ்சம் கரைந்திருக்க, உப்பு பளீரென்று இருந்தது. "நனையல! நனையலண்ணா!" என்று அவள் போட்ட கூச்சல் கடல் வரை கேட்டிருக்கும். ஓடி வந்த அவள் அம்மா எல்லோரையும் கும்பிட்டார். முதல் கும்பிடு தற்செயலாக லாரி ஓனருக்கு விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைக் கனைத்தார். "போட்டோ எடுங்கடா" என்றார். மறுநாள் காதுகுத்தில், தானே போன் போட்டு ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னதாகப் பேசினார். பந்தியில் எங்கள் நால்வருக்கும் முதல் வரிசை. உருட்டு மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

இப்போது நான் செங்கல்பட்டுக்கு மாற்றலாகிவிட்டேன். ஆனாலும் ஞாயிறு காலை பஸ் ஏறிவிடுகிறேன். எங்கே என்று மனைவி கேட்டால், நல்ல உப்பு வாங்கிவரப் போவதாகச் சொல்கிறேன். சமையலறையில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. போன வாரம் அவளே உருட்டுக்கென்று ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினாள்.