அநியாயம் சாரும் மலேசியா விசாவும்

கோபப்படுவது ஓர் அரசாங்க உத்தியோகமாக இருந்திருந்தால், எங்கள் திருத்துறைப்பூண்டி அநியாயம் சார்தான் தமிழ்நாட்டுக்கே அதன் தலைமை அதிகாரி. என் பிள்ளைகள் இரண்டு பேரும் தோசை ஓரம் முறுகவில்லை என்றால்கூட "இது அநியாயம்ப்பா" என்கிறார்கள். பிள்ளைகளா, அந்த வார்த்தையை இப்படிச் சில்லறையாகச் செலவு செய்யாதீர்கள். அதைச் சொல்லத் தெரிந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வெளியூரில் எங்கோ வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தால் அநியாயம். முன்கூட்டியே வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள், அதுவும் அநியாயம். டீ கொதித்தால் நாக்கைப் பொசுக்கப் பார்க்கிறான். ஆறியிருந்தால் மனுஷனை மதிக்கவில்லை. அவர் மனைவி பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், சார் உட்பட. சார் பொங்கும்போதெல்லாம் டீச்சர் மடியில் குடையை வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவர் போல் பேசாமல் இருப்பார்.

வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். படிப்பு பத்தாவதும் டைப்ரைட்டிங்கும்தான். ஆனாலும் விசா பாரம் நிரப்ப வருகிறவர்கள் என்னைக் கலெக்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். சார் மட்டும் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் ஒரு காகிதத்தை என் மேஜைமேல் அறைந்தார். மலேசியாவில் வேலை பார்க்கும் ஒரே மகன், அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வைத்துக்கொள்ள அனுப்பிய பாரம் அது. நல்ல விஷயம்தானே சார் என்றேன். ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"டிபெண்டன்ட் சார். அவரை நம்பி இருக்கிறவங்கன்னு அர்த்தம்."

"அவனுக்கு நடை பழக்கினது நான். ஃபீஸ் கட்டினது நான். இப்ப நான் அவனை நம்பி இருக்கேனா? அநியாயம் தம்பி. நான் என் சொந்த விசாவுலதான் போவேன்."

மகன் பக்கத்தில் இருக்க வேண்டும், பேரன் வளர்வதைப் பார்க்க வேண்டும். ஆனால் யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது. இதுதான் சாரின் ஒரே பிடிவாதம். ஓய்வு பெற்றவர்கள் நெடுங்காலம் தங்க, மலேசியாவைச் சுற்றி எந்தெந்த நாடு விசா தருகிறது என்று தேடும்படி எனக்கு உத்தரவாயிற்று. மலேசியாவை முதலில் பார்த்தால் மகன் ஜெயித்ததாகிவிடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்தார்.

ஒரு நாட்டில், வீடு வாங்கினால்தான் விசா என்றார்கள். திருவாரூர் ரோட்டில் கட்டிய வீட்டுக்கே இன்னும் வெள்ளையடிக்க ஆள் வரவில்லை, அங்கே போய் வேறொன்றா என்று தள்ளிவிட்டார். இன்னொரு நாட்டில், சில மாதங்களுக்கு ஒரு முறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட நான் என்ன ஜாமீனில் வந்தவனா என்று அவர் கேட்டது எதிர்ப்பக்கப் பழக்கடைக்குக் கேட்டது. மூன்றாவது நாட்டில் வேலை பார்க்கக் கூடாது என்று விதி. கொல்லையில் கீரை போட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தால் அது வேலையில் சேருமா என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். எங்கள் நாட்டின்மேல் ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்று பதில் வந்தது.

"கீரையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாரு" என்றார். இல்லை. எனக்கே அன்றைக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விதானே அது?

கடைசியில் மலேசியாவுக்கே வந்தோம். அங்கேயும் வெளிநாட்டுக்காரர்கள் பல வருஷம் தங்க ஒரு விசா இருந்தது. மகன் இருக்கும் ஊர்தான், ஆனால் தனி விசா, தனி வீடு. சார் சம்மதித்தார். சார் பெயரில் விண்ணப்பம், கூடவே டீச்சர். அதற்குக் கல்யாணச் சான்று வேண்டும் என்று தஞ்சாவூர் விசா ஏஜென்ட் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. முத்துப்பேட்டை பக்கம் டீச்சர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம் அது. யாரும் பதிவு செய்யவில்லை. ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது பதிவு செய்துகொள்ளலாம் சார் என்றேன். பேரன் எடுத்த பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மாப்பிள்ளையாக நிற்க மாட்டேன் என்று போனவர், மறுநாள் ஒரு புது ஆல்பத்தோடு வந்தார்.

திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணப் படங்கள். மாலையும் கழுத்துமாக இருவர், கலச நீர் அபிஷேகம், சார் தாலி கட்டுகிறார், பின்னால் மகனும் மருமகளும் நிற்கிறார்கள். ஓரத்தில் ஸ்டுடியோக்காரர் தேதி வேறு அச்சடித்திருந்தார்.

"தாலி கட்டுறது தெரியுதா? இதைவிட என்ன ஆதாரம் வேணும்? அனுப்பு."

சார், இது வேற கல்யாணம் என்று இழுத்தேன். வேற பொண்ணா என்று ஒரு அதட்டல். அனுப்பிவிட்டேன்.

மலேசியாவிலிருந்து பதில் மிக மரியாதையாக வந்தது. விண்ணப்பதாரருக்குச் சமீபத்தில் திருமணம் நடந்ததாகப் படங்களில் தெரிகிறது, வாழ்த்துகள். பின்னால் நிற்பவர் விண்ணப்பதாரரின் மகன் என்றால் அவருடைய தாயார் யார்? முந்தைய திருமணம் சட்டப்படி முடிவுக்கு வந்ததற்கான ஆவணத்தை அனுப்பவும்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல சாரின் காது சிவந்தது. கட்டிய பெண்டாட்டியை டைவர்ஸ் செய்ததற்கு அத்தாட்சி கேட்கிறான், டைவர்ஸ் செய்து அவளையே மறுபடி கட்டினேன் என்கிறான், அநியாயம், அநியாயம் என்று நாற்காலியைவிட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பிள்ளைகளா, எனக்கும் ரத்தம் கொதித்தது. அறுபது வயதுவரை ஒருத்தியோடு குடும்பம் நடத்தி, அவளுக்கே மறுபடியும் தாலி கட்டுகிற மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது?

அன்றைக்குக் கூடவே வந்திருந்த டீச்சர் சிரித்தார். குடை கீழே விழும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னார். தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"தம்பி, என் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"டிபெண்டன்ட், டீச்சர்."

டீச்சர் சாரின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏங்க, உங்களுக்கு வந்தா அநியாயம். எனக்கு வந்தா?"

முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சரின் சம்பளமும் அந்த வீட்டு உலையில்தான் வெந்தது. அவருடைய பென்ஷன் சாருடையதைவிடக் கூடுதல் என்பதும் ஊருக்குத் தெரியும். சார் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதாரண்யம் பஸ் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை பார்த்தார்.

"தம்பி, டீச்சர் பேரை மேல போடு."

"நீங்க சார்?"

"கீழ போடு."

"கீழ போட்டா டிபெண்டன்ட்னு வரும் சார்."

"வரட்டும். அது உண்மைதானே."

டீச்சர் குனிந்து குடையை எடுத்தார். நிமிர நேரமாயிற்று.

அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் அந்தக் கல்யாணம் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. ஒருத்தியைக் கட்ட மூன்று தடவை வரிசையில் நிற்க வைக்கிறார்கள் என்று வெளியே வந்ததும் சார் புலம்பினார். ஆனால் வேட்டி புதுசு.

விசா வந்தது. போனார்கள். அதற்குப் பிறகு பல வாரம் ஒரு தகவலும் இல்லை. தெரியாத ஊரில், கோபப்பட ஆள் கிடைக்காமல் சார் வாடிவிட்டாரோ என்று எனக்குள் ஒரு பயம். தினமும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மெயிலைப் பார்ப்பேன். ஒரு நாள் வந்திருந்தது. பேரன் டைப் அடித்துக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவு எழுத்துப் பிழை. "அநியாயம் தம்பி, இங்கே காப்பியில் ஐஸ் போடுகிறான்" என்று தொடங்கியது.

அப்பாடா, சார் நன்றாக இருக்கிறார் என்று, எதிர்ப்பக்கப் பழக்கடைக்காரரையும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.