எல்லாவற்றுக்கும் ஆமா

உலகத்தில் யாரோடும் சண்டையே போடாத ஒரு மனிதர் உண்டென்றால், அவர் எங்கள் ஆமா அண்ணாச்சிதான். தூத்துக்குடி துறைமுகத்தில் வருஷக்கணக்காகச் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி, அந்த இரைச்சலிலேயே காதைத் தொலைத்துவிட்டு, எங்கள் கிளியரிங் ஆபீஸுக்கு வாட்ச்மேனாக வந்தவர். காது கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள மாட்டார். யார் என்ன கேட்டாலும் சிரித்த முகமாக, "ஆமா."

"திருச்செந்தூர் தாண்டித்தான சாகுபுரம்?" என்று கேட்டார் ஒரு வெளியூர் லாரி டிரைவர்.

"ஆமா."

சாகுபுரம் திருச்செந்தூருக்கு முன்னாலேயே வந்துவிடும்; லாரி பெரியதாழையில் கடலைக் கண்ட பிறகுதான் நின்றது. சங்கத் தேர்தலில் இரண்டு கோஷ்டிக்கும் ஓட்டுப் போடுவதாகச் சொல்லி, இரண்டு பக்கமும் டீ குடித்தார். "சாப்பிட்டாச்சா?" என்று நாங்கள் கேட்டாலும் அதே ஆமாதான். அதில் பல நாள் பட்டினி என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஸ்டெல்லா சாயங்காலம் போன் பண்ணுவாள். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போடுவார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும், அவரைத் தவிர.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"ஆமா."

அவளும் நிம்மதியாக வைத்துவிடுவாள்.

துறைமுகத்தில் காது பரிசோதனை முகாம் வந்தபோது, அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் பெண் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்று சைகையில் காட்டினாள். எந்தச் சத்தம், எப்போது என்பதையெல்லாம் ஏ.ஐ.யே முடிவு பண்ணுமாம். நடுநடுவே சத்தமே கொடுக்காமல் இருந்தும் ஆழம் பார்க்குமாம்.

அண்ணாச்சி விடாமல் அமுக்கினார். இந்த முடிவை நம்ப முடியாது என்று திரையில் சிவப்பாக வந்தது.

டாக்டர் பெண் அவர் காதருகே குனிந்து கத்தினாள். "சத்தமே வரலியே, எதுக்கு அமுக்குனீங்க?"

"ஆமா" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் நங்கூரம் போட்ட கப்பலுக்கே கேட்கும். "தம்பி, இதுல பெயிலானா வேல போயிரும்லா?"

போகாது என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். மறுபடி வைத்த பரிசோதனையில் பட்டனை அமுக்கவே இல்லை என்று சொல்லலாம். அவ்வளவு மோசமாகிவிட்டிருந்தது.

கொஞ்ச நாளில் காது மெஷின் வந்தது. கிரேன் சத்தத்தையும் மனுஷக் குரலையும் அதுவே பிரித்து, குரலை மட்டும் தூக்கிக் கொடுக்கும். அன்று சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். கண் கலங்கிவிட்டது.

"இல்லளா. தனியா இருக்க முடியல. நீ எப்ப வாரே?"

ஸ்டெல்லா அழுதுகொண்டே சொன்னாள்: "லீவு கேக்கேன்பா. வாரேன்."

ஸ்டெல்லா வந்துபோய்விட்டாள். நான் இப்போதும் மத்தியானம் தவறாமல், "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்கிறேன்.

"இல்ல தம்பி" என்கிறார். அதைக் கேட்பதற்காகவே வீட்டிலிருந்து இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன்.