கடலைப் பொட்டலத்தில் பாதி வைத்தியம்

மலாயாவின் காஜா பேராங்கில் கடலையைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் பொட்டலத்தை ருசித்த ஒரே மனிதர் எங்கள் கச்சாங் டிரெஸ்ஸர்தான். மலாயில் கச்சாங் என்றால் கடலை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. அங்கே நான் கிராணி. தபாலும் டைப்ரைட்டரும் என் பொறுப்பு.

கப்பலில் வரும் மருத்துவப் பத்திரிகைகள் நேரே டாக்டர்களின் வாசிப்பறைக்குள் போய்விடும். டிரெஸ்ஸர்கள் அங்கே நுழையக் கூடாது. பழசானால் எடைக்குப் போடுவார்கள். கச்சாங் விற்பவர் வாங்கிப் பொட்டலம் கட்டுவார். நம் ஆள் அங்கே ஆஜராகிவிடுவார்.

"அண்ணே, அது பல்லுவலி, வேணாம். அந்த ஈரல் படம் போட்ட தாள்ல மடிங்க!"

"கடல வாங்க வந்தியா, காலேஜு படிக்க வந்தியா லா?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் அவர் மனைவிக்கு முகமும் காலும் வீங்கின. அந்த நோய்க்குப் புது மருந்து என்று ஒரு பொட்டலத்தில் பாதிக் கட்டுரை கிடைத்தது. எவ்வளவு கொடுப்பது என்ற பக்கம் எந்த வீட்டுக்குக் கடலையோடு போயிற்றோ! பெரிய டாக்டரிடம் ஓடினார். "முழுசாக் கொண்டா, பார்க்கலாம்" என்றுவிட்டார் அவர். கட்டுரை எழுதிய லண்டன் டாக்டருக்கே ஏர்மெயில் போட்டார் நம் ஆள்.

தினமும் என் மேசைக்கு வருவார். "கிராணி, எனக்கு லண்டன் கடுதாசி?"

"ராணியம்மா இன்னும் கையெழுத்துப் போடலையாம்!" என்பேன்.

கடிதம் வந்தது. லண்டன்காரர் மரியாதையாகப் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருந்தார். கச்சாங் என்றே கூப்பிட்டுப் பழகிய பாவி நான், அந்தப் பெயர் யாருடையது என்று யோசிக்கவேயில்லை. வாசிப்பறைத் தட்டில் செருகிவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. கண்ணில் பட்டபோது அந்த அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையையே பார்த்தார். "என்னைப் போயி டாக்டருன்னு எழுதியிருக்காரே, கிராணி" என்று விம்மி விம்மி அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுவாரம் அந்த உறையில் வந்திருந்த முழுக் கட்டுரையோடு வந்தார்.

"டைப் அடிச்சுக் குடுங்க. ரப்பர் தோட்டத்து டிரெஸ்ஸருங்க ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கட்டும். இனிமே யாரும் கேட்டு எழுதிட்டுக் காத்திருக்க வேணாம்."

கார்பன் வைத்துப் பன்னிரண்டு பிரதி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போனோம். அவர் மிதித்தார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினேன்.