வகுத்தல் காக்காவிடம் மாட்டிய 1234567

கல்முனைக்குள் நுழைந்த எந்த எண்ணும் வகுத்தல் காக்காவிடமிருந்து முழுசாகத் தப்பிப் போனதில்லை. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; இவருக்குத் தொழில் தையல்தான். ஆனால் அளவு நாடாவை இடுப்பில் சுற்றியதுமே மனுசன் கணக்குக்குள் இறங்கிவிடுவார். என் இடுப்பு முப்பத்தேழு அங்குலம். அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப் போகும்.

“இது எதாலயும் பிரியாது தம்பி. கொஞ்சம் திண்டு முப்பத்தெட்டாக்கிட்டு வாங்க.”

அவருக்குப் பிடித்த எண் ஆறு. எங்கள் கலியாண வீடுகளில் சஹன் என்ற ஒரு பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்காருவோம். வந்தவர்களை ஆறாறாக எண்ணி உட்கார வைப்பது காக்காதான். தான் மட்டும் உட்கார மாட்டார். மனைவி மக்கள் இல்லாதவர். தன் பங்கைப் பொதியாகக் கட்டிக்கொண்டு போய், கடையில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுவார்.

என் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கோட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாக எழுதிக் காட்டினேன்: 1234567.

“காக்கா, இது எதாலயும் பிரியாது.”

“இவ்வளவு பெரிய நம்பர் தனியா நிக்கிறதா? நடக்காது! இது பிரியிற வரைக்கும் நான் கத்தரிக்கோல தொட மாட்டன்.”

துணியில் கோடு போடும் வெண்கட்டியை எடுத்தார். மூன்றால் வகுத்தால் மிச்சம் ஒன்று. ஏழால் ஐந்து. பதினொன்றால் நாலு. வெட்டு மேசை நிரம்பி, கணக்கு என் துணி மேலும் ஏறியது.

“நாலால பாக்கல்லயா காக்கா?”

“ரெண்டே வேணாமெண்டு செல்லிட்டுது. நாலுட்ட ஏன் போற?”

பயந்துபோய் போனில் தேடினேன். விடை ஒரு நொடியில் வந்தது.

“காக்கா, கிடைச்சிட்டு! நூத்தி...”

இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டார். “செல்லாதீங்க! நான்தான் வகுக்கோணும்!”

மாமியார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. “கோட்டுத் தைச்சாச்சா மகன்?”

“வகுத்துக்கிட்டு இரிக்காங்க மாமி.”

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்றும் கைவிட்டது, மிச்சம் நாற்பத்திரண்டு. கோட்டு இல்லாமல் இடுப்பில் கட்டிய சாரத்தோடு மாப்பிள்ளையாவது என்று நான் முடிவெடுத்தபோதுதான் கடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“நூத்தி இருபத்தேழு! அங்கால ஒன்பதாயிரத்தி எழுநூத்தி இருபத்தொண்டு! மிச்சமில்ல தம்பி, அல்ஹம்துலில்லாஹ்!”

அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், ஆனால் அது கோட்டுக்காக. சனிக்கிழமை ளுஹர் தொழுகை நேரத்துக்குக் கோட்டு கைக்கு வந்தது, உடம்பில் ஊற்றியது போல.

கலியாணத்தன்று வழக்கம்போல எல்லோரையும் எண்ணி உட்கார வைத்துவிட்டு, காக்கா வாசல் பக்கம் நழுவினார். என் சஹனில் ஐந்து பேர்தான். ஆறாவது இடத்தில் நான் கையை ஊன்றியிருந்தேன்.

“காக்கா, இங்க ஒரு ஆள் குறையுது. வாங்க.”

எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

“மிச்சமில்ல,” என்றார், மெதுவாக.

இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், பக்கத்து இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை பசியோடு காத்திருக்கிறேன்.