கேசகுருவின் ஹார்மோன் மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே படப்பை கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. முகூர்த்தம் எதுவும் இல்லை. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கேசகுரு கோதண்டராமன் வந்திருந்தார், அவ்வளவுதான்.

ஒரகடம் சாலை நெடுக ஒரு மாதமாக அவருடைய பேனர்தான். "முடி கொட்டக் காரணம் ஒரே ஹார்மோன்! அளப்போம், அடக்குவோம், பத்தே நிமிடத்தில்!" போர் தண்ணீர், ஹெல்மெட், நைட் ஷிப்ட், மாமியார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த ஜனம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறியது. குருவின் தோளில் புரண்ட முடி அசல். அவரிடம் அசலாக இருந்த ஒரே சரக்கு அதுதான்.

மண்ணூர் புருஷோத்தமனும் வந்திருந்தான். வயது இருபத்தொன்பது, கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. லைனில் போடும் வெள்ளைத் தொப்பியை லீவு நாளிலும் போட்டிருந்தான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் குன்றத்தூர் எழிலரசி. பெண் பார்க்கப் போன அன்று இடது காதோரத்து முடியை வலது காதுவரை பாலம் போட்டுப் படியவைத்துக்கொண்டு போனான். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி ஃபேனையும் நிறுத்தச் சொன்னான். சித்திரை வெயிலில் இரண்டு குடும்பமும் வேர்த்து வழிந்தபடி ஜாதகம் பார்த்தது. அதன்பிறகு வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் தொப்பி. "டூட்டில கீறேன்" என்பான். இருபத்துநாலு மணி நேரமும் உழைக்கும் மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் ஒரே பெருமை.

அவன் முழு முட்டாள் அல்ல. மூன்று மாதம் முன்பு தோல் டாக்டரிடம் போயிருந்தான். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். "முடி வேரைச் சுருக்குற ஹார்மோனை இது குறைக்கும். ஆறு மாசமாவது ஆகும். கொட்டுறது நிக்கலாம், கொஞ்சம் வளரலாம். போனதெல்லாம் திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன். உடம்புல எதாவது தொந்தரவு தெரிஞ்சா உடனே வந்து சொல்லணும்" என்றார்.

நேர்மையான பேச்சு. நம்மிடம் விலை போகாத சரக்கு.

"அவருக்கே நம்பிக்கை இல்ல பாருடா, லாம் லாம்னு இஸ்துகினு கீறாரு" என்றார் லைன் சூப்பர்வைசர் நரசிம்மன். "குருவாண்ட வா. மூலிகைடா. சைடு எஃபெக்டே கெடையாது."

நரசிம்மன் குருவின் 'கேசாமிர்தம்' பவுடரை மூன்று டப்பா தின்று தீர்த்தவர். அவர் தலையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

"ஒங்களுக்கு முடி வரலியேண்ணா?"

"முடி அப்பால வரும்டா. மொதல்ல ஹார்மோன் கொறஞ்சிகினு வருது. மீட்டர்லியே காட்றாரு."

சைடு எஃபெக்ட் கிடையாது என்பது சத்தியம். எஃபெக்டே இல்லாத மாவுக்கு சைடு எங்கிருந்து வரும்?

மேடையில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. "கொண்டுவரச் சொன்ன இங்கிலீஷ் மருந்தையெல்லாம் இதுல போடுங்க. விஷம் இருக்கிற எடத்துல அமிர்தம் தங்காது" என்றார் குரு. ஜனம் வரிசையில் வந்து போட்டது. முடி மாத்திரை மட்டுமா விழுந்தது? தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் கைதட்டலோடு விழுந்தன. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மருந்தை ஒரு டப்பா மாவுக்காகத் தூக்கிப் போட்டார்கள், அதற்கும் சிரித்துக்கொண்டே. புருஷோத்தமனும் தன் மாத்திரை அட்டையைப் போட்டான்.

"அந்தத் தொப்பி தம்பி, மேல வா."

ஏறினான்.

"தொப்பியக் கழட்டு."

கழற்றினான். நிமிர்ந்தவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். தான் வேலை செய்யும் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன் பெண்களோடு வேடிக்கை பார்க்க வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள் எழிலரசி. அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷோத்தமன் கையால் பாலத்தை அழுத்திக்கொண்டான்.

குரு பன்னீரில் நனைத்த பஞ்சால் அவன் உள்ளங்கையைத் துடைத்தார். 'சுத்தி' என்றார். காவித் துணி சுற்றிக் குங்குமம் வைத்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதன் முனையில் இரண்டு ஊசி. கையில் வைத்ததும் எண் ஓடியது. தொண்ணூற்றொன்று!

"ஐயையோ" என்றது மண்டபம்.

ஒரு கரண்டி கேசாமிர்தம் வாயில் போட்டார். பத்து நிமிடம் பஜனை. பிறகு உள்ளங்கையில் 'காப்பு' என்று ஏதோ தூளை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு மீட்டரை வைத்தார். பதினைந்து! கைதட்டலில் மின்விசிறியே குலுங்கியது. நரசிம்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழிலரசி எழுந்து மேடையை நோக்கி நடந்தாள். முடிந்தது கல்யாணம் என்று புருஷோத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்ததில் மிச்சமிருந்த வழுக்கையும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் அவள் அவனைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தாள்.

"சாமி, ஒரு டவுட்டு. இத மாஸ்டர்ல செக் பண்ணீங்களா?"

மாஸ்டர் என்ற சொல்லுக்கு மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்து ஃபாக்டரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் எந்த அளவு கருவியையும், அளவு தெரிந்த ஒரு துண்டில் வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்தத் துண்டுக்கு மாஸ்டர் பீஸ் என்று பேர். கருவி பொய் சொன்னால் அன்றைக்குச் செய்த சரக்கு மொத்தமும் பொய். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் வாரத்தில் ஆறு நாள் இதைச் செய்கிறவர்கள். ஏழாம் நாள் மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"மனுஷ உடம்புக்கு ஏதும்மா மாஸ்டர்?" என்று சிரித்தார் குரு.

"ஹார்மோனே இல்லாத பொருள்ல வெச்சா சைபர்தான காட்டணும்?"

"ஆமா... காட்டும்."

மேடை ஓரத்தில் கல்யாணத்துக்குப் போடும் மணைப் பலகை சாய்த்து வைத்திருந்தது. அதை இழுத்துப் போட்டாள். குரு தடுப்பதற்குள் அவர் கையிலிருந்த மீட்டரைப் பறித்து, பலகையின் ஒரு ஓரத்தில் ஊசியை வைத்தாள். பதினான்கு. மறு ஓரத்தில் பன்னீரைத் தெளித்து வைத்தாள். எண்பத்தாறு.

"மணைக்கு எண்பத்தாறு சாமி. இதுக்கும் முடி கொட்டுமா?"

பிறகு புருஷோத்தமனின் கையைப் பிடித்து, பன்னீர் பஞ்சால் துடைத்து, மீட்டரை வைத்தாள். தொண்ணூற்றிரண்டு.

"பவுடர் வயித்துலதான கீது? அப்ப இன்னாத்துக்கு ஏறுது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் காவித் துணியை உருவினாள். "இது எங்க செக்‌ஷன்ல கீற மீட்டரு. ஏத்துமதிக்குப் போற மரப்பெட்டில ஈரம் கீதான்னு இதுலதான் பாப்போம். ஈரக் கையில வெச்சா ஏறும், தூளு தேச்ச கையில எறங்கும்."

"பொம்பள கை பட்டு மீட்டர் தீட்டாயிடுச்சு!" என்று கத்தினார் குரு.

"மணைக்கு ரெண்டு டப்பா குடு சாமி, ஜடை பின்னட்டும்!" என்றது பின்வரிசை. மண்டபமே சிரித்தது. சிரிப்பு கோபமாக மாற ரொம்ப நேரம் ஆகவில்லை. குரு சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். அங்கே பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் நின்றிருந்தார்கள். போலீஸ் வரும்வரை அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜனம் அண்டாவைச் சுற்றி அவரவர் மாத்திரையைத் தேடியது. புருஷோத்தமனும் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, மாத்திரையின் பேரையும் டாக்டர் சொன்னதையும் அவளிடம் ஒப்பித்துவிட்டு, "மன்னிச்சிடுங்க. மறைச்சிட்டேன்" என்றான்.

"இன்னாத்த மறைச்சீங்க? ஃபேன நிறுத்தச் சொன்னப்பவே தெரியும். சளி புடிச்சவங்க ஐஸ் போட்ட ரோஸ்மில்க் ரெண்டு கிளாஸ் குடிப்பாங்களா?"

"அப்ப ஏன் சரின்னீங்க?"

"தலைக்கு மேல இன்னா கீதுன்னு நான் பாக்கல. உள்ள இன்னா கீதுன்னுதான் இன்னிக்கி டவுட்டாயிடுச்சு." அட்டையை அவளே கண்டெடுத்து அவன் கையில் வைத்தாள். "தெரியாதத தெரியாதுன்னு சொன்ன டாக்டர வுட்டுட்டு இவனாண்ட வந்தீங்களே. நாளைக்கே போயி அவரப் பாருங்க. நிறுத்தறதுன்னாலும் அவரக் கேட்டு நிறுத்துங்க."

"அப்பவும் வளரலன்னா?"

"வளரலன்னா வளரல. மணையில ஒக்காரப் போறது நீங்களா, ஒங்க முடியா?"

புருஷோத்தமன் தொப்பியை மடித்து பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். மண்டபத்து ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாலம் எழுந்து ஆடியது. அவன் கையால் அழுத்தவில்லை.

அப்போது நரசிம்மன் தயங்கித் தயங்கி வந்து எழிலரசியிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த மீட்டர்ல சக்கரை பாக்க முடியுமா?"

வாசலில் ஜனம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. காலையில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே போன இன்னொன்றும் அங்கேயேதான் கிடந்தது. நரசிம்மனைத் தவிர மற்றவர்கள் அதையும் மறக்காமல் எடுத்துப் போயிருப்பார்கள் என்று நம்புவோம். முடி உதிர்ந்தால் பார்க்க டாக்டர் இருக்கிறார். மூளை உதிர்ந்தால் கோதண்டராமன்தான் இருக்கிறார்.