வேலாயி வாங்கிய ஜெர்மன் பதக்கம்

பதக்கப் பார்சல் திங்கட்கிழமை காலைத் தபாலில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் வியாகுலம் பதக்கங்களைச் சனிக்கிழமையே கொடுத்து முடித்திருந்தான்.

"ஐயா, கொழும்பு பார்சலுங்க," என்று தோட்டத்துத் தபால்காரர் கந்தப்பன் மேசையில் வைத்தார்.

சின்னக் கிளாக்கர் வியாகுலம் பிரித்துப் பார்த்தான். பளபளவென்று பதினொரு பதக்கங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும். தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்கென்று அவனே கொழும்புக்கு எழுதிப் போட்டு வரவழைத்தவை.

"இதுதான் பரிசுன்னா, சனிக்கிழமை நான் குடுத்தது என்ன?"

"அது பங்களா டின்னுல இருந்ததுங்களே," என்றார் கந்தப்பன். "தொரை கொழும்புக்கு அனுப்பச் சொன்னாருன்னு வெள்ளிக்கிழமை கொண்டாந்து வச்சேன். சொல்லவுஞ் சொன்னேன். நீங்கதான் டோரீன் அம்மா கடுதாசிய படிச்சிக்கிட்டு இருந்தீங்க."



தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை முதல் உலகப் போரில் சண்டை போட்டவர். ஜெர்மன்காரர்களின் மார்பிலிருந்து தாமே பிடுங்கி வந்ததாகச் சொல்லும் பதினொரு பட்டாளத்துப் பதக்கங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பாதுகாத்து வந்தார். கிளப்பில் மூன்றாவது கிளாஸ் காலியானால் அந்த டின்னின் கதை தொடங்கும். அந்த டின்னைத்தான் வியாகுலம் பரிசுப் பெட்டி என்று நினைத்துத் திறந்தான். துரை கொடியசைத்துப் போட்டியைத் தொடக்கிவிட்டு நுவரெலியாவுக்கு கோல்ஃப் ஆடப் போய்விட்டதால், தடுக்கவும் ஆளில்லை.

போர்க்கள வீரத்துக்கான இரும்புச் சிலுவை, கொழுந்து பறிக்கும் போட்டியில் முதலாவதாக வந்த வேலாயியின் கழுத்தில் ஏறியது. நீர்மூழ்கிக் கப்பல் பதக்கம் சாக்கு ஓட்டத்துக்குப் போயிற்று. விமானிகளின் பதக்கம், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடிய ராக்காயிக்கு. போரில் காயம்பட்டவர்களுக்கான பதக்கம், கயிறிழுத்து விழுந்து முட்டி பெயர்ந்த அழகனுக்கு. அது ஒன்றுதான் சரியான ஆளிடம் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. துரைதான்.

"கிளாக்கர், அந்த டின்னை அனுப்பிவிட்டாயா?"

"இல்லை சார். இப்போதுதான் கட்டுகிறேன்."

"கட்டாதே. அவற்றைப் பார்க்கக் கொழும்பு நண்பர் சனிக்கிழமை நேரிலேயே வருகிறார். அன்றைக்கு டின்னைப் பங்களாவுக்குக் கொண்டு வா. உன் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடுகிறேன்."

உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம். ஆனால் வேலை நிரந்தரமானால்தான் மகளைத் தருவேன் என்று டோரீனின் தாய் பெற்றீசியா சொல்லியிருந்தார். வியாகுலம் "சரி சார்" என்று போனை வைத்தான்.

அன்று மாலையே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேலாயியின் வீட்டுக்குப் போனான். அவள் சிலுவையைக் கழற்றவே இல்லை. கழுத்தில் அது தொங்க, வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"வேலாயிக்கா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அதைக் குடுத்துட்டு இதை வாங்கிக்குங்க. இதுதான் உங்க பரிசு."

வேலாயி புதுப் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கொழுந்தின் நிறையைக் கையாலேயே சொல்லிவிடுகிற பெண்பிள்ளை.

"இது தகரமுங்க. என்னோடது கனக்குது."

"அக்கா, அது வேற ஆளுடைய சாமான்."

"இருபது வருசமா எங்களைக் கூட்டம் கூட்டமாத்தான் ஏசியிருக்காங்க. அன்னைக்குத்தான் எம் பேரைத் தனியாச் சொல்லி, மேடையில ஏத்தி, கை தட்டுனாங்க. நான் குடுக்க மாட்டேங்கய்யா."

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

"கூட ஒரு பித்தளைச் செம்பும் தர்றேன்," என்றான் வியாகுலம்.

வேலாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மாயாண்டிக்குப் பெக்டரிப் பட்டறையில் வேலை. மெஷினில் எது உடைந்தாலும் அவர்தான் வார்த்துக் கொடுப்பார்.

"பொழுது போயிருச்சு. நாளைக்கு வாங்கய்யா," என்றார் மாயாண்டி.

மறுநாள் சிலுவை வந்தது, செம்பு போனது. கல்யாணம் முடிந்து குடித்தனம் வைக்க வியாகுலம் ஆசை ஆசையாய் வாங்கி அடுக்கியிருந்த பாத்திரங்களில் முதல் செம்பு அது.

குருசைக் கொடுத்தால் செம்பு கிடைக்கும் என்ற செய்தி லயம் லயமாகப் பரவியது. வியாகுலம் கேட்கப் போன இடத்திலெல்லாம் "நாளைக்கு வாங்கய்யா" என்று மரியாதையாகச் சொன்னார்கள், சொன்னபடியே மறுநாள் கொடுத்தார்கள். ராக்காயி விமானத்துக்கு ஒரு குடம் கேட்டாள். அழகன் தன் முட்டியைக் காட்டி இரண்டு தட்டு வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை நண்பகலில் பதினொன்றும் டின்னுக்குள் வந்துவிட்டன. வியாகுலம் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு, சந்தோஷமாகத் தேத்தண்ணீர் குடித்தான்.

குடித்து முடிக்கும் முன் கந்தப்பன் வந்தார்.

"ஐயா, குருசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"குருசு ஒண்ணேதான். அதை வேலாயிக்கா குடுத்தாச்சு."

"அப்ப இது ரெண்டாவதுங்க."

"நீங்க எந்தப் போட்டியில ஜெயிச்சீங்க?"

"போட்டிக்கே வரலீங்க. கால்ல சுளுக்கு."

வியாகுலம் இரண்டு சிலுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரட்டைப் பிள்ளைகள்.

"இது டூப்பு! எனக்கு வேணாம், கொண்டு போங்க."

"பரவாயில்லீங்க," என்று கந்தப்பன் பணிவாகச் சிலுவையை மடியில் கட்டினார். "எப்படியும் தபால் கொண்டுக்கிட்டு பங்களாவுக்குப் போறேன். தொரைகிட்டயே காட்டிக் கேட்டுக்குறேன்."

கந்தப்பனுக்குப் பெரிய அண்டாவே கொடுக்க வேண்டியதாயிற்று.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வெள்ளிக்கிழமை மேலும் ஐந்து சிலுவைகள் வந்தன. கொண்டு வந்தவர்கள் யாரும் ஓடவில்லை, இழுக்கவில்லை, பறிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பங்களாவில் ஏதோ அவசர வேலை இருந்தது. ஒவ்வொருவரையும் தடுத்து நிறுத்த வியாகுலம் ஒவ்வொரு பாத்திரமாகக் கொடுத்தான். கடைசியில் பட்டறைக்கு ஓடினான்.

"மாயாண்டி அண்ணே, இது உங்க வேலைதானே?"

"ஆமாங்க," என்றார் மாயாண்டி, கொஞ்சமும் ஒளிக்காமல். "சனங்க கேட்டாங்க, வார்த்துக் குடுத்தேன். தேயிலைத் தூளை நல்லாக் கொதிக்க வச்சு அதுல ஊறப் போட்டா, அந்தக் கருப்பு தன்னால வந்துருது."

"இவ்வளவு பித்தளை எங்கேர்ந்து?"

"பித்தளைக்கு என்னங்க பஞ்சம்? நீங்கதான் செம்பு செம்பாக் குடுக்குறீங்களே."

வியாகுலம் தலையில் கைவைத்தான். பிறகு கையோடு கொண்டு வந்திருந்த ஏழு சிலுவைகளையும் மேசையில் பரப்பினான்.

"இதுல நெசமானது எது? அதையாச்சும் சொல்லுங்க."

மாயாண்டி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"பாத்தா தெரியலீங்களே. தெரிஞ்சுதுன்னா அப்புறம் அது என்ன வேலைங்க?"

வீட்டுக்குத் திரும்பினால் பெற்றீசியா வந்து வெறும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டா எங்க, தம்பி?"

"பாலிஷ் போடக் குடுத்திருக்கேன், மாமி."

"குடம்?"

"அதுவும் பாலிஷுக்குத்தான்."

"மிச்சம் இருக்குறது ஒரு தம்ளர். அதுலயா என் மக சோறு வடிப்பா?" என்று கேட்டுவிட்டு, நிரந்தரக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, ஏழு சிலுவைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து டின்னில் போட்டான். மீதி ஆறும் காற்சட்டைப் பையில் கிணுகிணுக்க, பங்களாவுக்கு ஏறினான்.

கொழும்பு நண்பர் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். சிலுவையைப் பார்த்தார், திருப்பினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"இது தேயிலை மணக்கிறது."

"இந்தத் தோட்டத்தில் என் தலையணையே தேயிலைதான் மணக்கும்," என்றார் துரை.

நண்பர் பேனாக்கத்தியால் ஓரத்தில் சுரண்டினார். மஞ்சளாக மின்னியது.

"பெயர் இரும்புச் சிலுவை. உள்ளே பித்தளை."

தவறான சிலுவையை எடுத்துவிட்டோமே என்று வியாகுலம் பையிலிருந்த ஆறையும் கையால் அழுத்திப் பிடித்தான். ஆனால் நண்பர் நிறுத்தவில்லை. கப்பலைச் சுரண்டினார், பித்தளை. விமானமும் பித்தளை. அழகனின் காயமும் பித்தளைதான். பதினொன்றையும் வரிசையாகத் தள்ளி வைத்தார்.

"மன்னிக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் காப்பி குடிப்பவர்கள். இவற்றில் ஒன்றுகூட ஜெர்மனியைக் கண்டதில்லை."

துரையின் முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்தது. வியாகுலத்தின் தோளைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். வேலை போயிற்று, டோரீனும் போய்விட்டாள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கிளாக்கர்," துரை குரலைத் தாழ்த்தினார். "நான் இவற்றை யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. சண்டை முடிந்த பிறகு பெல்ஜியத்தில் ஒரு கடைக்காரனிடம் நான்கு பெட்டி சிகரெட்டுக்கு வாங்கினேன். அந்தப் படுபாவி என்னை ஏமாற்றியிருக்கிறான். இது கிளப்புக்குத் தெரிந்தால் நான் கப்பலேற வேண்டியதுதான். நீ எதையும் கேட்கவில்லை. சரியா?"

"எதை சார்?"

"கெட்டிக்காரன்," என்று சொல்லி, துரை அங்கேயே, மாவு டப்பாவின் மேல் வைத்து, நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வியாகுலம் மேட்டிலிருந்து பாடிக்கொண்டே இறங்கினான். பாதி வழியில் ஒரு யோசனை வந்தது. மாயாண்டி கூடுதலாக வார்த்தது சிலுவையைத்தான். கப்பலும் விமானமும் ஒவ்வொன்றுதான் திரும்பி வந்தன. அவையே போலி என்றால், துரை வாங்கியதே போலி. அந்தப் போலிக்காகவா வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் வாரிக் கொடுத்தோம் என்று நின்று சிரித்தான். சந்தோஷத்தில் அதுகூட உறைக்கவில்லை.

அடுத்த மாதம் கொட்டகலை மாதா கோயிலில் கல்யாணம். தாலி கட்டி டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு வியாகுலம் வெளியே வந்தபோது, தோட்டத்துச் சனங்கள் வாசலில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். சாக்கு ஓட்டக்காரன் சட்டையில் கப்பல் இருந்தது. ராக்காயியின் சேலையில் விமானம் பறந்தது. அழகன் தன் காயத்தை மார்பில் குத்தியிருந்தான். முன்னால் நின்ற வேலாயியின் கழுத்தில் சிலுவை.

வியாகுலம் அதைக் கையில் ஏந்திப் பார்த்தான். நல்ல கனம். தேயிலை மணமே இல்லை.

"வேலாயிக்கா... அப்ப நீங்கள்லாம் எங்கிட்ட திருப்பிக் குடுத்தது?"

"அது பதினேழும் எங்க வீட்டுக்காரரு வார்த்ததுங்கய்யா," என்றாள் வேலாயி. "ஜெயிச்ச பரிசை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"