சுலபமாகக் கிடைத்துவிட்ட கட்டி

பொதுமக்கள் நலன் கருதி, பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ‘கண்டறிதற்கரிய கட்டிகள் சிறப்புப் பிரிவு’ தொடங்கப்பட்டது. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு என்று அரிசிமணி அளவில் நாலு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்றில் கட்டி வந்தால் எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை உருவி ரத்தத்தில் கொட்டிவிடும். சில கட்டிகள் லேசில் அகப்படாது. அவற்றைத் தேடிப் பிடிக்க விலை உயர்ந்த இயந்திரங்கள் வந்து இறங்கின. இறங்கிய நாள்முதல் ஊரில் சாதாரணக் கட்டி வைத்திருப்பதே கேவலம் என்றாகிவிட்டது.

இந்தச் சங்கதி தெரியாமல் பஸ் டிரைவர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார். கியர் மாற்றினால் தோள் வலி, பிரேக் போட்டால் இடுப்பு வலி. ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிக் கிடக்கிறது, எலும்பு உளுத்துக்கொண்டு வருகிறது, சீக்கிரம் கட்டியை எடுக்காவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று குடும்ப டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். மாடிக்குப் போகுமுன் கீழ்த்தளத்தில் ஒரு சாதாரண ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா கருவியைக் கழுத்தில் வைத்த கையோடு, “இடது பக்கம், கீழே. பளிச்சுனு இருக்கு” என்று சொல்லிவிட்டார். டிரைவருக்குப் பாதி நோய் அப்போதே போன மாதிரி இருந்தது.

மூன்றாம் மாடித் தலைமை மருத்துவருக்கு முகம் விழுந்துவிட்டது.

“அவங்களை யாருங்க கண்டுபிடிக்கச் சொன்னது?”

“தெரிஞ்சுது, சொன்னாங்க சார். ஆபரேஷன் பண்ணிடலாமா?”

“இது கண்டறிதற்கரிய கட்டிகளுக்கான பிரிவு. உங்களுது கண்டறிஞ்சாச்சு. இங்க உங்களுக்குத் தகுதி இல்ல.”

அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு நடந்தார். மூன்றாம் மாடிக்கென்று வந்த நோயாளியின் கட்டியை மூன்றாம் மாடியே கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் கத்தியைத் தொடுவோம் என்று அங்கே கையை விரித்தார்கள். திரும்பி வந்தவரைப் பார்த்துத் தலைமை மருத்துவர் இரக்கப்பட்டார். தீர யோசித்து, கீழ்த்தள ஸ்கேன் நிகழவேயில்லை எனக் கருதப்படும் என்று ஆணையிட்டார். கட்டி முறைப்படி காணாமல் போயிற்று.

தேடல் தொடங்கியது. ஊசியில் கதிர்வீச்சு மருந்தை ஏற்றிப் படம் பிடித்தார்கள். இடது பக்கம், கீழே. நாலு பரிமாண சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதே இடம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வரிசை நீண்டு கிடந்தது. முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் கட்டியே இல்லாத பெரிய மனிதர்கள். எதிலும் அகப்படாத கட்டி என்பதால் அவர்களுக்குத்தான் முழுத் தகுதி இருந்தது.

அடுத்து பெட் ஸ்கேன் என்ற இயந்திரத்தின் வரிசையில் நின்று தும்மியபோது டிரைவரின் விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. வீட்டுக்காரி அழுததைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அந்த ஸ்கேனிலும் கட்டி நகராமல் அங்கேயேதான் இருந்தது.

“கொஞ்சம் இறங்கி நெஞ்சுக்குள்ள இருந்திருந்தா நான் வெளிநாட்டு மாநாட்டுல பேசியிருப்பேன். சில பேருக்கு அப்படி இருக்கு. உங்களுக்குக் குடுத்துவைக்கல” என்று தலைமை மருத்துவர் வருத்தப்பட்டார். மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட டிரைவருக்குத் தோன்றியது.

இதற்கு மேல் இயந்திரம் கையிருப்பில் இல்லாததால், ‘பல கட்டத் தீவிரத் தேடலுக்குப் பின் பிடிபட்டது’ என்று சான்று கிடைத்தது. டிரைவரின் படம் பத்திரிகையில் வந்தது. ஆபரேஷன் மட்டும் மளமளவென்று முடிந்தது. வலி விட்டது, பஸ்ஸும் திரும்பக் கைக்கு வந்தது.

கொஞ்ச காலத்தில் அவருடைய தம்பிக்கும் அதே நோய், குடும்ப வாகு. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் சாதாரண ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தம்பி சந்தோஷமாக வந்து சொன்னார்.

டிரைவர் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

“வெறும் ஸ்கேன்லயேவாடா?”

“ஆமாண்ணே. பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு.”

“நல்லா விசாரிச்சியா? எனக்கு எத்தனை மிஷின் வச்சுத் தேடினாங்க. சட்டுனு கிடைச்சதை நம்பிக் கழுத்தைக் குடுத்துடாத.”

தம்பிக்கு அவமானமாகப் போய்விட்டது. திங்கட்கிழமையை ரத்து செய்தார். எலும்பு வலியில் படியேற முடியாத அவரை அண்ணன்தான் கைத்தாங்கலாகப் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்.